மிதிவெடி உடுப்பை வெயிலில் காயப்போடலாமா?

கேள்வி: முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலை செய்கிறேன். நாங்கள் போடுகிற கவச உடுப்பு மத்தியானத்துக்குள் வியர்வையில் ஊறிப் போகிறது. குளோரின் போட்டுத் தோய்த்து வெயிலில் காயவிட்டால் என்ன?
– வாசகி, பளை

பதில்: வேண்டாம் தங்கச்சி. குளோரின், வெயில் இரண்டுமே அந்த உடுப்புக்குச் சத்துரு.

உள்ளே இருப்பது பெரும்பாலும் கெவ்லார் மாதிரியான அரமிட் நூல், அதாவது மிகப் பலமான ஒரு செயற்கை இழை. கெவ்லார் 1965இல் டுபொன்ட் கம்பனியில் ஸ்டெஃபனி குவோலெக் என்ற பெண் வேதியியலாளர் கண்டுபிடித்தது, எடைக்கு எடை பார்த்தால் உருக்கைவிட ஐந்து மடங்கு பலம். நெய்த துணிதான், ஆனால் பல அடுக்கு. வெடியிலிருந்து பறக்கும் துண்டு, அதாவது சிதறல், வந்து அடிக்கும்போது நூல்கள் சட்டென்று அறாமல் இழுபட்டு, அந்த அடியைப் பக்கத்து நூல்களுக்கும் அடுத்த அடுக்குக்கும் பரப்பிவிடுவதால், துண்டு வேகம் குறைந்து துணிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. 1.1 கிராம் சிதறல், செக்கனுக்கு 450 மீற்றர் வேகம், இதை வைத்துத்தான் இந்த உடுப்புகளைச் சோதிக்கிறார்கள்.

இவ்வளவு பலமான நூலை வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் மெல்ல மெல்ல அரித்துவிடும். மஞ்சள் நிறம் பழுப்பாகும், பலம் குறையும், வெளி உறை மூடியிருப்பதால் அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. குளோரினும் நூலைக் கெடுக்கும். ஈரமாக இருக்கும்போதும் சிதறலைத் தடுக்கும் திறன் குறைவு, அதனால்தான் உள் அடுக்குகளைத் தண்ணீர் புகாத உறைக்குள் வைத்துத் தைக்கிறார்கள். அந்த உறையில் கிழிசல் கண்டால் அன்றைக்கே பொறுப்பாளரிடம் காட்டுங்கள், அடுத்த நாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

சரி, எப்படிக் கழுவுவது? வெளி உறையை மட்டும் கழற்றிச் சாதாரண சவர்க்காரத்தில் தோயுங்கள். உள் அடுக்கை ஈரத்துணியால் துடைத்து, மடிக்காமல், நிழலில் விரித்து வையுங்கள். முகமறைப்பையும் பெற்றோல், தின்னர் போட்டுத் துடைக்கக் கூடாது, அது பொலிகாபனேற்று என்ற பிளாஸ்டிக், நுண்ணிய கீறல் வெடிப்புகள் விழுந்துவிடும்.

கேள்வி: கத்தி வெட்டாத கையுறை வாங்கினேன். வெல்டிங்குக்குப் போடலாமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: போடாதீர்கள் தம்பி. தொட்டால் குளிர்ச்சியாக வழுக்குகிறதென்றால் அது டைனீமா வகையாக இருக்கலாம். அடிப்படையில் பொலித்தீன்தான், 150 பாகை செல்சியசை அண்டும்போதே உருகிவிடும். தீயணைப்பு வீரர் போடும் நோமெக்ஸ் உருகாது, கருகித் தடிக்கும். உங்களுக்குத் தோல் கையுறையும் பருத்திச் சேட்டும் போதும், ஆனால் பொலியெஸ்ரர் சேட் மட்டும் வேண்டவே வேண்டாம், உருகித் தோலோடு ஒட்டிவிடும்.

கேள்வி: மீன்பிடிக்கு வரும் பின்னல் நூலும் இதே சாமானா?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: பலதும் மேலே கையுறைக்குச் சொன்ன டைனீமா மாதிரிப் பொலித்தீன் இழைதான் ஐயா. தண்ணீரைவிட இலேசு, மிதக்கும், வெயிலையும் கெவ்லாரைவிட நன்றாகத் தாங்கும். மெல்லிசாக இருப்பதால் பெரிய மீன் இழுக்கும்போது விரலை அறுத்துவிடும், வெறுங்கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள்.