புகை அடித்தால் வார்டு சுத்தமாகிவிடுமா?

கேள்வி: எங்கள் சிறிய மருத்துவமனையில் மாதம் ஒருமுறை ஒரு ஏஜென்சி வந்து கிருமிநாசினிப் புகை அடித்துச் சான்றிதழ் தருகிறது. அதற்குப் பிறகும் நோயாளி டிஸ்சார்ஜ் ஆனதும் கட்டிலை ஹைப்போகுளோரைட்டால் (குளோரின் உள்ள கிருமிநாசினித் திரவம்) துடைக்க வேண்டுமா? எந்த அளவில் கலப்பது?

பதில்: துடைத்தே ஆகவேண்டும். புகை, அழுக்குக்கு அடியில் இருக்கும் கிருமியைத் தொடாது. அறைக்குள் வழக்கமாகப் புகை அடிப்பதும் தெளிப்பதும் வேண்டாம் என்று கொரோனா பரவிய 2020லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. இருந்தும் ஆய்வுக்கு வருபவர்கள் புகை அடித்த பதிவேட்டைத்தான் கேட்கிறார்கள். துடைக்கும் துணியையும் வாளியையும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஏஜென்சிகள் பிழைப்பதே இதனால்தான். அவர்கள் ஃபார்மலின் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள்.

முதலில் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். அழுக்கும் ரத்தமும் இருந்தால் குளோரின் அவற்றிலேயே செலவாகிவிடும். பிறகு ஹைப்போகுளோரைட். கேன் 5 சதவீதம் என்றால், கட்டில், மேசை, டிரிப் ஸ்டாண்டுக்கு 20 மில்லியுடன் 980 மில்லி தண்ணீர். ரத்தம் சிந்திய இடத்துக்கு 100 மில்லியுடன் 900 மில்லி. பத்து நிமிடம் ஈரம் காயக்கூடாது. உலோகத்தை அரிக்கும் என்பதால் பின்னர் வெறும் தண்ணீரால் துடையுங்கள். கலவையைத் தினமும் புதிதாகக் கலக்குங்கள். விலை குறைவு என்று லேபிள் இல்லாத கேனை வாங்காதீர்கள். வெயிலிலும் வெப்பத்திலும் கிடந்த சரக்கில் வீரியம் வெகுவாகக் குறைந்திருக்கலாம், அப்போது நீங்கள் எவ்வளவு கணக்காகக் கலந்தாலும் பலனில்லை. ஹைப்போகுளோரைட் கழிப்பறை ஆசிட்டோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்கிறேன். ஆன்டிபயாடிக் எடுத்தபின் கடும் வயிற்றுப்போக்கு வந்த நோயாளிக்கு கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசைல் என்ற குடல் பாக்டீரியாவின் தொற்று இருக்கலாம். அதன் வித்துகள் (கடினமான உறைக்குள் உறங்கும் நிலையில் இருக்கும் கிருமி) ஆல்கஹாலுக்குச் சாகாது. கை தேய்க்கும் சானிடைசர் எத்தனை முறை போட்டாலும் வித்து கையிலேயே இருக்கும். அந்த அறையில் கையுறை கட்டாயம். கழற்றியதும் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கையைத் தேய்த்துக் கழுவ வேண்டும், வித்தைக் கையிலிருந்து அகற்றும் வழி அதுதான். கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் 20 மில்லிக் கலவை வேண்டாம், 100 மில்லிக் கலவையையே போடுங்கள். அறைக்கென்று தனித் துணி, தனி வாளி வையுங்கள். அந்தத் துணி அடுத்த அறைக்குப் போகக்கூடாது.