ராஜஸ்தான்: கேட்டவர்களுக்குப் பதில்

ராஜஸ்தான் பயணம், வரலாறு எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து எழுதுகிறேன். ஹோட்டல் வாடகை கேட்டவர்களுக்கு மட்டும் பதில் இல்லை. அது சீசனுக்குச் சீசன் மாறும்.

கே: ஐந்து நாள் லீவு. ஜெய்ப்பூர், உதய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்சல்மேர் நான்கையும் முடித்துவிடலாமா? (கோவையிலிருந்து ஒருவர்)

ப: முடிக்கலாம் சார், கார் ஜன்னல் வழியாக. தமிழ்நாட்டைப்போல இரண்டரை மடங்கு பெரிய மாநிலம் அது. ஜெய்ப்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்கே 550 கிலோமீட்டருக்கு மேல். பாலைவனம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஜெய்ப்பூரையும் உதய்ப்பூரையும் விட்டுவிடுங்கள். தார் பாலை ஆரவல்லி மலைத்தொடருக்கு மேற்கே இருக்கிறது. ஜோத்பூரில் இரண்டு நாள், ஜெய்சல்மேரில் இரண்டு நாள், இடையே ஐந்து மணி நேரச் சாலை. கணக்கு சரியாக வரும்.

கே: ஜெய்சல்மேர் கோட்டைக்குள்ளேயே விடுதிகள் இருக்கின்றனவாமே?

ப: இருக்கின்றன. ஆனாலும் வெளியே தங்கச் சொல்வேன். ராவல் ஜைசல் 1156-இல் எழுப்பிய கோட்டை இது. இன்றும் உள்ளே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் கடீசர் ஏரியிலிருந்து தண்ணீரைக் குடத்தில் சுமந்தார்கள். அப்படிச் சுமந்த தண்ணீரை யார் வீணாக்குவார்கள்? குழாய் வந்தது, பிறகு விடுதிகளும் வந்தன. கழிவுநீர் கீழே இறங்கி அடிமண்ணை இளக்க, மதில்கள் ஆங்காங்கே சரிந்தன. ஆபத்திலிருக்கும் உலக நினைவுச்சின்னங்களின் பட்டியலில் 1990-களிலேயே இந்தக் கோட்டை இடம்பிடித்துவிட்டது. யுனெஸ்கோ அங்கீகாரம், மற்ற ஐந்து மலைக்கோட்டைகளோடு சேர்த்து, 2013-இல்தான் கிடைத்தது. காலையிலேயே போய்ச் சமணக் கோயில்களைப் பாருங்கள், பகல் முழுக்கச் சந்துகளில் சுற்றுங்கள். குளியல் வெளியே இருக்கட்டும்.

கே: விளைச்சலே இல்லாத ஜெய்சல்மேரில் அவ்வளவு பெரிய ஹவேலி (மாளிகை) கட்டப் பணம் எங்கிருந்து வந்தது? (ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி)

ப: நல்ல கேள்வி அம்மா. சிந்து வழியாக மத்திய ஆசியாவுக்குப் போன ஒட்டக வணிகப் பாதையில் இந்த ஊர் உட்கார்ந்திருந்தது. பட்டு, அபின், உலர்பழம் எது கடந்தாலும் அரசருக்குச் சுங்கம், வணிகருக்கு லாபம், கடன் கொடுத்தவருக்கு வட்டி. பட்வா குடும்பத்தின் ஐந்து ஹவேலிகள் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. அந்த மாளிகைகள் உயரும்போதே பம்பாய்த் துறைமுகம் வணிகத்தை இழுக்கத் தொடங்கிவிட்டது. மிச்சமிருந்த பாதையை 1947 எல்லைக்கோடு அடைத்தது. பணம் போனதால் இடித்துப் புதிதாகக் கட்ட யாருக்கும் வசதியில்லை. அதனால்தான் நமக்குப் பார்க்கக் கிடைத்தது என்பது என் கணிப்பு.

கே: குல்தாராவில் உண்மையிலேயே பேய் இருக்கிறதா? ராத்திரி போகலாமா?

ப: தம்பி, பேயைவிடச் சுவாரசியமான விஷயம் அங்கே இருக்கிறது. ஜெய்சல்மேர் பக்கத்தில் பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்த கிராமம் அது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெறிச்சோடியது. ஜெய்சல்மேர் திவான் சலீம் சிங் ஒரு பெண்ணைக் கேட்டான், மானத்துக்காகப் பாலிவால்களின் 84 கிராமங்களும் ஒரே இரவில் காலியாயின, போகும்போது சாபமிட்டார்கள் என்பது வழிகாட்டிகள் சொல்லும் கதை. வரிக் கொடுமையும் வற்றிய கிணறுகளும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊரைக் காலி செய்திருக்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது.

நான் பார்க்கச் சொல்வது அவர்களின் ‘கடீன்’. சரிவு முடியும் இடத்தில் நீளமாக ஒரு மண்கரை போடுவார்கள். பாறை நிலத்தில் விழும் மழை ஓடிவந்து அங்கே தேங்கி ஊறும். நீர் வடிந்ததும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர்கூடப் பெய்யாத ஊரில் கோதுமை! ஜெய்சல்மேர் சுற்றுவட்டாரத்தில் இன்றும் இப்படி விவசாயம் நடக்கிறது. பகலில் போனால்தான் தெரியும்.

கே: சித்தூர் ராணி பத்மினி நிஜமா, கட்டுக்கதையா? சண்டை வராமல் சொல்லுங்கள்.

ப: முயல்கிறேன். அலாவுதீன் கில்ஜி 1303-இல் சித்தூரைப் பிடித்தது வரலாறு. அந்தப் படையெடுப்பில் உடனிருந்த அமீர் குஸ்ரு அதைப் பற்றி எழுதியிருக்கிறார். பத்மினி என்ற பெயர் அதில் இல்லை. ஜாயஸி அவதி மொழியில் ‘பத்மாவத்’ காவியம் பாடியது 1540-இல். இடையே இருநூறு வருஷத்துக்கு மேல். ஆனால் சித்தூர் 1535-இலும் 1568-இலும் விழுந்தபோது பெண்கள் தீயில் இறங்கியது கதையல்ல. போனால் ராணா கும்பா எழுப்பிய ஒன்பது அடுக்கு வெற்றித் தூணோடு திரும்பிவிடாதீர்கள். கௌமுக் குளத்தையும் பாருங்கள். மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்க அந்த மாதிரி நீர்நிலைகள்தான் கைகொடுத்தன.

கே: பீகானேர் பக்கத்து எலிக் கோயிலுக்குக் குழந்தையைக் கூட்டிப் போகலாமா?

ப: தேஷ்னோக் கர்ணி மாதா கோயில். செருப்பைக் கழற்ற வேண்டும், எலி காலில் ஏறும். உங்கள் குழந்தை, உங்கள் தைரியம். அந்தப் பளிங்கு முகப்பைக் கட்டிய மகாராஜா கங்கா சிங்தான் 1927-இல் சட்லெஜ் தண்ணீரைக் கால்வாயில் பீகானேர் சீமைக்குக் கொண்டுவந்தவர். ஸ்ரீகங்காநகரில் இன்று கின்னோ ஆரஞ்சு காய்க்கிறது.

கே: சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா? நாங்கள் சைவம்.

ப: சைவத்துக்குக் கவலையே வேண்டாம். தால்-பாட்டி-சூர்மாவில் (பருப்பு, சுட்ட கோதுமை உருண்டை, இனிப்புப் பொடி) நெய் மிதக்கும், அளவாகச் சாப்பிடுங்கள். தவறவிடக் கூடாதது கேர்-சாங்ரி. சாங்ரி என்பது கேஜ்ரி மரத்தின் காய். அது வேறொன்றுமில்லை, நம் கோயில்களில் நிற்கும் வன்னி மரம். மழை பொய்த்தாலும் காய்க்கும். உலர்த்தி வைத்தால் வருஷம் முழுக்க வரும். காய் மனிதனுக்கு, இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும்.

இந்த மரத்துக்காக உயிர் கொடுத்திருக்கிறார்கள். 1730-இல் ஜோத்பூர் மகாராஜா அபய் சிங்கின் ஆட்கள் சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வெட்ட கேஜர்லி கிராமத்துக்கு வந்தார்கள். பிஷ்னோய் சமூகத்துக்குப் பச்சை மரத்தை வெட்டக் கூடாது என்பது நெறி. அம்ரிதா தேவி மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரையும் சேர்த்து வெட்டினார்கள். மகள்களும் ஊராரும் ஒவ்வொருவராக வர, 363 பேர் மாண்டார்கள் என்று பிஷ்னோய்கள் நினைவுகூர்கிறார்கள். பிறகுதான் வெட்டுவதை நிறுத்த உத்தரவு வந்தது. ஜோத்பூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மெஹ்ரான்கர் கோட்டையில் அரை நாளை மிச்சம் பிடித்தாவது போங்கள்.

கே: பொக்ரான் அணுகுண்டு சோதனை நடந்த இடத்தைப் பார்க்க முடியுமா? அப்துல் கலாம் இருந்த இடமாயிற்றே!

ப: முடியாது. 1974, 1998 இரண்டு முறையும் சோதனை நடந்தது ராணுவ எல்லைக்குள், பொதுமக்களுக்கு அனுமதியில்லை. பொக்ரான் ஊர் ஜோத்பூர்-ஜெய்சல்மேர் சாலையில்தான் வரும். சிறிய செம்மண் நிறக் கோட்டை ஒன்று உண்டு, டீ குடிக்க நிறுத்தும்போது எட்டிப் பார்க்கலாம்.

கே: எந்த மாதம் போவது? ஜெய்சல்மேர் பக்கத்து மணல்மேட்டுக்கு சாம் நல்லதா, குரி நல்லதா?

ப: நவம்பர் முதல் பிப்ரவரி வரை. டிசம்பர், ஜனவரி இரவில் குளிர் நடுக்கும், ஸ்வெட்டர் கட்டாயம். சாம் பெரிய மணல்மேடு. ஜீப், பாட்டு, கூட்டம் எல்லாம் அதோடு சேர்ந்தே வரும். குரியில் மேடு சிறியது, ஊர் அமைதியானது. நான் குரிக்குத்தான் போவேன். ஒட்டகத்தில் ஏறுவதற்கு முன் எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் இரண்டையும் பேசிவிடுங்கள்.