வயது ஏறாத அம்மா

அன்புள்ள அக்கா,

சென்ற வாரம் 'தி ஏஜ் ஆஃப் அடலைன்' படம் பார்த்தேன். 29 வயதோடு முதுமை நின்றுபோன பெண்ணின் கதை. அவள் காதலை ஏற்கத் தயங்குவது, காதலனின் தந்தையே அவளுடைய பழைய காதலராக வந்து நிற்பது, செல்ல நாய் சாவது, எல்லாவற்றுக்கும் அழுதேன். மின்னல் அடித்தால் வயது நிற்குமா என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். இப்படிப்பட்ட படத்துக்கு அழுவது ரசனைக் குறைவா? காதலனின் தந்தையாக வரும் ஹாரிசன் ஃபோர்டின் நடிப்பு பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

கே.

அன்புள்ள தம்பி,

அழுததற்கு என்னிடம் ஏன் சான்றிதழ் கேட்கிறீர்கள்? அழுகை வந்தது, அழுதீர்கள். மின்னலை விடுங்கள், கதை சொல்கிறவன் முதலில் கேட்கும் ஒரு பொய்யை நாம் ஒத்துக்கொண்டுவிட வேண்டும். ஃபோர்டு நன்றாகவே செய்திருக்கிறார்.

எனக்குக் கோபம் வேறு. உங்கள் கடிதத்தில் காதலன் இருக்கிறான், அவன் அப்பா இருக்கிறார், நாய்கூட இருக்கிறது. மகள் எங்கே? ஃப்ளெமிங் என்று ஒரு மகள் அந்தப் படத்தில் இருப்பது உங்கள் கண்ணில் படவே இல்லையா?

அந்த மகளாக நடித்த எலன் பர்ஸ்டின் 1932இல் பிறந்தவர். அம்மாவாக நடித்த பிளேக் லைவ்லி 1987இல் பிறந்தவர். அதிகாரிகளுக்குப் பயந்து ஊரையும் பெயரையும் மாற்றிக்கொண்டே ஓடும் அம்மாவை அந்த மகள் ஒளிந்துதான் சந்திக்க முடிகிறது. பிறர் முன்னால் பெற்றவளுக்கே பாட்டியாக நடிக்கிறாள். இதே பர்ஸ்டின் 2014இல் வந்த 'இன்டர்ஸ்டெல்லர்' படத்திலும் அப்பாவைவிட மூத்த மகள். மரணப் படுக்கையில் இருக்கிறவள், பிள்ளை சாவதைப் பெற்றவர் பார்க்கக் கூடாது என்று அப்பாவை அனுப்பிவிடுகிறாள். அடலைனை அப்படி அனுப்பிவைக்க யாருமில்லை.

கடைசியில் அவளுக்கு ஒரு நரைமுடி வருகிறது. காதல் பிழைத்தது என்று எல்லோரும் மூக்கைச் சிந்துகிறோம். கொஞ்சம் கணக்குப் போடுங்கள். அம்மாவுக்கு உடம்பில் முப்பதை ஒட்டிய வயதுதான். மகளுக்கு எண்பது தாண்டிவிட்டது. இனிமேல் வயது ஏறினாலும் மகளுக்குக் கொள்ளி வைக்கப்போவது அம்மாதான். காதலனோடு சேர்ந்து கிழவியாக அவளுக்கு அவகாசம் கிடைத்துவிட்டது. மகளுக்கு அது காலம் கடந்து வந்த நரை. இயக்குநர் இதன் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடியைக் காட்டிப் படத்தை முடித்துவிடுகிறார். நீங்களும் அங்கேயே முடித்துவிட்டீர்கள்.

என் அம்மா பதினேழு வயதில் என்னைப் பெற்றவள். எனக்கு முப்பது தாண்டியதுமே தலை வெளுக்கத் தொடங்கியது. அவளுக்கு அறுபதிலும் முடி கருகருவென்று இருந்தது. ஒருமுறை அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, "தங்கச்சியாம்மா?" என்று என்னிடம் நர்ஸ் கேட்டாள். அம்மா வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் கடையில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, டை பாக்கெட் வாங்கி என் மடியில் போட்டாள். அன்றிலிருந்து மாதாமாதம் வாங்கி வருவாள். நான் அடித்துக்கொள்ள மாட்டேன். ஊரார் பேச்சுக்குப் பயப்படுகிறாயா என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஊரு கெடக்குது. எனக்கு முன்னாடி நீ கெழவியாவுறத எந்தக் கண்ணால பாக்கச் சொல்ற?" என்றாள்.

தம்பி, அந்தக் கேள்வியை அடலைனின் வாயில் ஒருமுறைகூட வைக்காமல் அவளை ஒரு பணக்கார இளைஞனின் கைக்குள் அனுப்பிவைத்தார்களே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. முகத்தில் சுருக்கம் விழாதது மட்டுமா அவள் துயரம்? பெற்ற பிள்ளையின் முகத்தில் விழும் ஒவ்வொரு சுருக்கத்தையும் எண்ணிக்கொண்டு அவள் எழுபது வருஷத்துக்கும் மேல் நடமாடியிருக்கிறாள்.

இன்னொரு தடவை பாருங்கள், நண்பர்கள் இல்லாமல். முதியவர்கள் குடியிருப்புக்குப் போய்விடலாமா என்று ஃப்ளெமிங் அம்மாவிடம் பேசும் காட்சி வரும்போது, அந்த அம்மாவின் முகத்தை மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா