வாசகர் கேள்வி, அறிவியல் பதில்: மெலடோனினும் அதன் ஏற்பிகளும்

கேள்வி: மார்கரிட்டா டுபோகோவிச் என்ற மருந்தியல் அறிஞர் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை மெலடோனின் என்ற ஒரே ஹார்மோனின் ஏற்பிகளை ஆராய்வதில் செலவிட்டதாகப் படித்தேன். ஒரு சிறு மூலக்கூறைப் பற்றி அத்தனை ஆண்டுகள் ஆராய என்ன இருக்கிறது?
– முதுகலை மாணவி ஒருவர்

பதில்: ஹார்மோனைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, அது உடலில் எந்தச் செல்லில், எந்தப் புரதத்தின் மேல் போய் அமர்கிறது (அந்தப் புரதம்தான் ஏற்பி) என்று காட்டுவது முற்றிலும் வேறொரு வேலை. மெலடோனினைப் பொறுத்தவரை இவ்விரண்டுக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

மாட்டின் மூளையில் உள்ள பினியல் என்ற சிறு சுரப்பியை அரைத்துக் கொடுத்தால் தலைப்பிரட்டையின் தோல் வெளுக்கிறது என்பது 1917-லேயே தெரிந்திருந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவரான ஆரன் லெர்னர், வெண்புள்ளி போன்ற நிறக் கோளாறுகளுக்கு இதில் வழி கிடைக்கலாம் என்று எண்ணி, இலட்சக்கணக்கான மாட்டுச் சுரப்பிகளிலிருந்து அந்தப் பொருளை 1958-இல் பிரித்தெடுத்தார். மெலனின், செரடோனின் என்ற இரு பெயர்களையும் இணைத்து அதற்கு மெலடோனின் என்று பெயரிட்டார். தவளைத் தோலை வெளுக்கச் செய்த அந்தப் பொருள் மனிதத் தோலின் நிறத்தை மாற்றவில்லை என்பது இந்தக் கதையின் முதல் ஏமாற்றம்.

அதன் பிறகு எழுந்ததுதான் உண்மையான புதிர். நள்ளிரவில் உச்சத்தைத் தொடும்போதும் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் மெலடோனின் பிகோகிராம் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமில் ஒரு இலட்சம் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சொற்பமான பொருள் உடலுக்கு இரவு வந்ததை அறிவிக்கிறது என்றால், அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தனி ஏற்பி எங்கோ இருந்தாக வேண்டும். 1983-இல் டுபோகோவிச் முயலின் விழித்திரையை எடுத்து, அதைத் தூண்டும்போது வெளியாகும் டோபமின் என்ற நரம்புச் செய்திப் பொருளின் அளவை அளந்தார். மிக மிகக் குறைந்த செறிவிலேயே மெலடோனின் அந்த வெளியீட்டைக் குறைத்தது. ஏற்பியைக் கண்ணால் காணாமலே அதன் நடத்தையை அளந்த சோதனை இது.

ஆனால் ஒரு விளைவு ஏற்பியின் வழியாகத்தான் நிகழ்கிறது என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், அந்த ஏற்பியை அடைத்துவிட்டால் விளைவும் நின்றுபோகிறது என்று காட்ட வேண்டும். அப்படி அடைக்கும் லுசிண்டோல் என்ற தடுப்பியை அவர் 1988-இல் அறிவித்தார். புதிய ஹார்மோனுக்குக் கிடைக்கும் புகழ் இத்தகைய தடுப்பிகளுக்குக் கிடைப்பதில்லை. என்னைக் கேட்டால், ஓர் ஆய்வுத் துறையே நிமிர்ந்து நிற்பதற்கு இவைதான் முதுகெலும்பு.

ஏற்பியின் மரபணு 1994-இல் ஸ்டீவன் ரெப்பர்ட் குழுவினரின் கையில் சிக்கியது. முதலில் கிடைத்தது எங்கிருந்து தெரியுமா? தவளையின் நிறச் செல்களிலிருந்து! அதே ஆண்டில் பாலூட்டிகளின் எம்டி1 ஏற்பியும், அடுத்த ஆண்டில் எம்டி2 ஏற்பியும் கிடைத்தன. இரண்டையும் பிரித்தறியும் தடுப்பிகளைக் கொண்டு, தாம் பல ஆண்டுகளுக்கு முன் முயல் விழித்திரையில் அளந்த ஏற்பி எம்டி2 வகையை ஒத்தது என்று டுபோகோவிச் 1997-இல் காட்டினார். தம் முதல் கேள்விக்குத் தாமே விடை காண அவருக்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின என்றால், ஒரு பணிக்காலம் எப்படிக் கரைகிறது என்பது உங்களுக்குப் புரியும்.

கேள்வி: இத்துறையில் தவறான முடிவுகள் வந்ததுண்டா?

பதில்: உண்டு. கதிரியக்க அயோடின் ஏற்றிய மெலடோனின் திசுவில் ஒட்டிக்கொள்ளும் இடங்களையெல்லாம் ஏற்பி என்று கருதிய காலத்தில், எம்டி3 என்று மூன்றாவதாக ஒன்றும் பட்டியலில் இடம்பெற்றது. வெள்ளெலியின் சிறுநீரகத்திலிருந்து அதைத் தூய்மைப்படுத்திப் பார்த்தபோது, அது ஏற்பியே அல்ல, குயினோன் ரிடக்டேஸ் 2 என்ற நொதி என்பது 2000-இல் தெரியவந்தது. ஒட்டுவது வேறு, ஒட்டிய பின் செல்லுக்குள் செய்தி போவது வேறு.

இன்னொரு பொறி ஆய்வகச் சுண்டெலி. மிகுதியாகப் பயன்படுத்தப்படும் சி57 கறுப்பு எலி இனத்தில், மெலடோனினை உருவாக்கும் நொதிகளின் மரபணுக்கள் பழுதாகியிருப்பதால் அந்த ஹார்மோன் ஏறத்தாழ இல்லை. ஏற்பிகள் மட்டும் இருக்கின்றன. இதைக் கவனிக்காமல் அந்த எலியின் தூக்கத்தை வைத்து மெலடோனினைப் பற்றித் தீர்ப்பு எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரு ஏற்பிகளின் முப்பரிமாண அமைப்பும் 2019-இல் எக்ஸ்-கதிர் லேசர் மூலம் வெளியானது. மெலடோனின் எம்டி1 ஏற்பிக்குள் வெளிப்புறத்திலிருந்து நேராக இறங்காமல், செல் சவ்வுக்குள் ஊடுருவி, பக்கவாட்டில் உள்ள இடுக்கு வழியாக நுழைவதாக அந்த அமைப்பு காட்டுகிறது.

கேள்வி: தூக்கம் வராத என் தந்தைக்கு மெலடோனின் மாத்திரை வாங்கித் தரலாமா?

பதில்: மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். இது மயக்கித் தூங்கவைக்கும் மருந்தைப் போன்றதன்று. மூளையின் கடிகாரத்துக்கு இருட்டிவிட்டது என்று அறிவிப்பதே இதன் வேலை. ஆகவே அளவைப் போலவே எடுக்கும் நேரமும் முக்கியம். தவறான நேரத்தில் எடுத்தால் கடிகாரம் எதிர்த்திசையில் நகரக்கூடும். கடுமையான ஒளி மனிதரின் இரவு நேர மெலடோனினை அடக்கிவிடும் என்று 1980-இலேயே நிறுவப்பட்டது. எனவே மாத்திரையைப் பற்றிப் பேசுமுன் அவருடைய அறையின் விளக்கையும் கைப்பேசித் திரையையும் கவனியுங்கள். அவர் வேறு மருந்துகள் உட்கொள்கிறார் என்றால் அவற்றின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஃபுளுவோக்சமின் என்ற மனச்சோர்வு மருந்து, மெலடோனினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவைப் பல மடங்கு கூட்டிவிடும்.