புறம்போக்கை விற்கிறார்கள், வழக்குப் போட எனக்கு உரிமை உண்டா?

வணக்கம் ஐயா,

எங்கள் ஊரில் 6 ஏக்கர் மேய்க்கால் புறம்போக்கை (ஊர் மாடுகள் மேய விட்ட அரசு நிலம்) ஒரு தனியார் கம்பெனிக்கு விற்க அரசாணை வந்திருக்கிறது. டெண்டர் எதுவும் விடவில்லை. பொதுநல வழக்குப் போடலாம் என்றால், "உனக்கு அங்கே ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது, உனக்கு லோகஸ் (வழக்குப் போடும் உரிமை) இல்லை" என்கிறார்கள். நிலத்தை ஒட்டி என் சித்தப்பாவுக்கு 2 ஏக்கர் பட்டா இருக்கிறது. அவர் பேரில் போட்டால் நிற்குமா?

ம., சிவகங்கை மாவட்டம்

அன்புள்ள ம.,

சித்தப்பா பேரில் போடாதீர்கள். பலம் என்று நீங்கள் நினைப்பதுதான் பொதுநல வழக்கில் ஓட்டை. பக்கத்துப் பட்டாதாரர் சொந்த லாபத்துக்காக வந்திருக்கிறார் என்று எதிர்த்தரப்பு முதல் நாளே சொல்லிவிடும். அவருடைய பாதை பறிபோகிறது, வாய்க்கால் அடைபடுகிறது என்றால் அவர் தன் பேரில், தன் பாதிப்புக்காக, உயர் நீதிமன்றத்தில் சாதாரண ரிட் மனு போடட்டும். உங்கள் பிரமாணப் பத்திரத்தில் இந்த உறவை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். நீங்களாகச் சொன்னால் அது தகவல், அவர்கள் சொன்னால் மறைப்பு.

லோகஸ் பற்றிய பயம் பழைய காலத்துப் பயம். 1981-இல் உச்ச நீதிமன்றத்தின் எஸ்.பி. குப்தா வழக்கிலேயே அது தளர்ந்துவிட்டது. உங்களுக்கு நெருக்கமானது 1991-இல் வந்த பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் தீர்ப்பு. பூங்காவுக்கென்று விட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை அந்தப் பகுதிவாசிகள் எதிர்த்தார்கள். அவர்களுக்கு உரிமை உண்டு என்றது உச்ச நீதிமன்றம். ஊர்க்காரர் என்பதே உங்களுக்குப் போதும்.

ஆனால் உரிமை இருப்பதும் ஜெயிப்பதும் வேறு. கல்கத்தா உயிரியல் பூங்காவின் 4 ஏக்கரை ஹோட்டலுக்குக் கொடுத்த வழக்கில் (1987) மனுதாரர்களின் வாதம் முழுதாகக் கேட்கப்பட்டது, மனு தள்ளுபடியானது. ஏலம்தான் பொது விதி, தகுந்த காரணம் இருந்தால் பேசியும் கொடுக்கலாம் என்றார்கள். அங்கே அரசுக் கோப்பில் காரணங்கள் இருந்தன. போபாலில் ஒரு டிரஸ்டுக்கு விளம்பரமே இல்லாமல் கொடுத்த 20 ஏக்கரை 2011-இல் ரத்து செய்தார்கள். ஆக, உங்கள் வழக்கு கோப்பில்தான் இருக்கிறது. அரசாணை நகல், மதிப்பீட்டு அறிக்கை, வகைப்பாடு மாற்றிய உத்தரவு, ஊராட்சித் தீர்மானம் ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் ஆகும், அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். அ-பதிவேட்டில் (கிராமத்து நிலங்களின் வகையைக் காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு) அந்த சர்வே எண்ணுக்கு நேரே "மேய்க்கால்" என்றிருக்கும் பக்கமும் அரசாணையும் கையில் இருந்தாலே மனுப் போடலாம்.

பலர் கோட்டைவிடும் இடம் கோரிக்கைப் பத்தி. "கலெக்டருக்கு நான் கொடுத்த மனுவைப் பரிசீலிக்க உத்தரவிட வேண்டும்" என்று கேட்டால், இத்தனை வாரத்துக்குள் பரிசீலியுங்கள் என்று ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். அதற்குள் நிலம் கைமாறிவிடும். அரசாணையின் எண், தேதியைக் குறிப்பிட்டு அதையே ரத்து செய்யக் கேளுங்கள், கூடவே இடைக்காலத் தடை மனு. கம்பெனியை எதிர்மனுதாரராகச் சேர்க்க மறக்காதீர்கள். வாங்குபவரைக் கேட்காமல் அவருக்குக் கொடுத்ததை ரத்து செய்ய மாட்டார்கள். மனுவை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் போட வேண்டும். சொந்த ஆதாயம் இல்லை, செலவு என்னுடையது, வழக்கு வீண் என்றால் நீதிமன்றம் விதிக்கும் தொகையைக் கட்டுவேன் என்று பிரமாணப் பத்திரத்தில் இருக்க வேண்டும்.

தாமதம் எல்லாவற்றையும் கெடுக்கும். கட்டடம் எழும்பிய பிறகு போனால் "இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்" என்பதுதான் முதல் கேள்வி. வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்று நிம்மதியாகவும் இருக்காதீர்கள். அரசு நிலத்தை வழங்கும் ஆவணத்துக்குப் பதிவுச் சட்டம் 90-ஆம் பிரிவு விலக்கு தருகிறது, வில்லங்கத்தில் வராமலே கைமாறியிருக்கலாம். பட்டா யார் பேரில் இருக்கிறது என்பதை வாரம் ஒருமுறை பாருங்கள். பெயர் மாறியிருந்தால் அந்தப் பட்டா மாற்ற உத்தரவையும் மனுவில் எதிர்க்க வேண்டும்.