விழிஞ்ஞம் வந்துவிட்டது; மகன் லொஜிஸ்டிக்ஸ் படிக்கலாமா?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகன் உயர்தரம் எழுதிவிட்டு லொஜிஸ்டிக்ஸ், அதாவது சரக்குப் போக்குவரத்து நிர்வாகம், படிக்க நிற்கிறான். கேரளாவில் விழிஞ்ஞம் துறைமுகம் வந்ததால் கொழும்புக்கு வேலை குறைந்துவிடும் என்கிறார்கள். காசைக் கட்டலாமா?"

கட்டுங்கள் அம்மா. ஆனால் என்ன படிக்கிறான் என்று பார்த்துக் கட்டுங்கள்.

கொழும்பில் இறங்கும் கொள்கலன்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு நமக்கு வருபவை அல்ல. ஒரு கப்பலில் வந்து இறங்கி இன்னொன்றில் ஏறிப் போகிறவை. அதில் பெரும்பங்கு இந்தியச் சரக்கு. மிகப் பெரிய கப்பல்கள் வந்து நிற்க இந்தியத் துறைமுகங்கள் பலவற்றில் போதிய ஆழம் இல்லாததால் நமக்குக் கிடைத்த பிழைப்பு இது. விழிஞ்ஞத்திலோ இயற்கையாகவே 18 முதல் 20 மீட்டர் ஆழம். கப்பல் பாதையும் பக்கத்தில்தான். 2025 மே மாதம் முறைப்படி திறந்தார்கள். தன் பெட்டியைத் தானே ஏற்றத்தான் இந்தியா பார்க்கும். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் சிங்கப்பூரைப் பாருங்கள். பக்கத்து மலேசியாவில் தஞ்சோங் பெலபாஸ் துறைமுகம் எழுந்ததும் 2000இல் மெர்ஸ்க், 2002இல் எவர்கிரீன் என இரண்டு பெரிய கப்பல் நிறுவனங்கள் சிங்கப்பூரை விட்டு அங்கே போய்விட்டன. அப்போது சிங்கப்பூர் ஆண்டுக்குக் கையாண்டது, இருபது அடிக் கொள்கலன் கணக்கில், சுமார் 1 கோடி 70 இலட்சம். 2024இல் 4 கோடி 10 இலட்சத்தைத் தாண்டியது. மலேசியத் துறைமுகமும் வளர்ந்தது. ஆசியாவின் சரக்கே பெருகியதால் இருவருக்கும் இடம் கிடைத்தது. இந்தியாவும் பங்களாதேஷும் வளரும்போது நமக்கும் அப்படி நடக்கலாம். விழிஞ்ஞத்தை நடத்தும் அதானி நிறுவனமே கொழும்பு மேற்கு முனையத்தில் 51 சதவீதப் பங்கு வைத்திருக்கிறது. இங்கே சரக்கு வராது என்று நினைத்தால் காசு போடுவார்களா?

ஒன்று மட்டும் உறுதி. பெட்டியை ஏற்றி இறக்கும் வேலைக்கு ஆள் தேவை குறையும்; புதிய முனையங்களில் கிரேனையே தூரத்திலிருந்து இயக்குகிறார்கள். ஆள் தேவைப்படுவது பெட்டியைச் சுற்றியுள்ள வேலைக்கு: பல நாட்டுச் சரக்கை ஒரே கொள்கலனில் சேர்த்து அனுப்புவது, களஞ்சிய நிர்வாகம், சுங்கப் பத்திரங்கள், எச்எஸ் குறியீட்டை (சரக்கின் வகையைச் சுங்கத்துக்குச் சொல்லும் எண்) பிழையில்லாமல் போடுவது. இவை எந்தத் துறைமுகத்திலும் செல்லும், டுபாயிலும் செல்லும்.

அதனால் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். சுங்கச் சட்டமும் ஆறு மாதப் பயிற்சி வேலையும் இல்லாத டிப்ளோமா என்றால் வேண்டாம். முடிந்தால் முதலில் கோட்டைப் பக்கம் ஒரு கிளியரிங் அலுவலகத்தில், அதாவது சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துக் கொடுக்கும் இடத்தில், மூன்று மாதம் நிற்கட்டும். சுங்கப் பத்திரங்களோடு துறைமுகத்துக்கு அலையும் வாஃப் கிளார்க்கோடு போய் வந்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால், காசைக் கட்டிவிடுங்கள்.