கேட்டால் சொல்வேன்: "அஞ்சுக்கு மூணுதானே!"

கேள்வி: என் மகன் ஜப்பானில், ஹொக்கைடோவில் படிக்கிறான். ஜனவரியில் கூட்டாளிகளோடு நிசெக்கோ போய், பனிச்சறுக்குத் திடலின் எல்லையைத் தாண்டி, காட்டு மலையில் சறுக்கப் போகிறானாம். பனி சரியாதா என்று கேட்டால், "அபாய அளவு அஞ்சுக்கு மூணுதாம்மா, நடுத்தரம்தான்" என்கிறான். தொட்டால் உதிர்கிற பனி ஆளைக் கொல்லுமா?
- ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: கொல்லும், தங்கச்சி. நான் பனியை மிதித்தவன் இல்லை. ஆனால் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் மண்சரிவு பார்க்கிற வேலையிலேயே தலை நரைத்தவன். மண்ணோ பனியோ, முதலில் நான் கேட்பது சரிவின் கோணத்தை. ஆளைக் கொல்லும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சரிவில்தான் புறப்படும். சறுக்கு விளையாட்டுக்குப் பிள்ளைகள் தேடிப் போவதும் அதே சரிவுதான்!

உதிரிப் பனியை விட மோசமானது பலகையாக இறுகிய பனி. மலையில் பனி அடுக்கடுக்காக விழுகிறது. குளிர் காலத் தொடக்கத்தில் பனி மெல்லிசாக இருக்கும்போது, அடியில் தரை பூஜ்ய டிகிரியை ஒட்டி இருக்கும். மேலே காற்று அதைவிடக் கடுங்குளிராக இருக்கும். அந்த வித்தியாசத்தில் அடிப்பனி சீனி மாதிரி ஒட்டாத மணிகளாகிவிடும். அதன் மேல் காற்று கொண்டுவந்து கொட்டும் பனி இறுகிப் பலகையாகும். ஒருவன் ஏறினால் போதும், அடியில் சீனி நசுங்கி, பலகை முழுசாக உடைந்து இறங்கும். சிக்குகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேரை இழுத்துப்போவது அவர்களோ அவர்கள் கூட்டமோ கிளப்பிய சரிவுதான். நம் மலையில் மழை கிளப்புகிறது, அங்கே ஆள் கிளப்புகிறான். காலடியில் 'வும்ப்' என்று சத்தம் வந்தாலோ, பனியில் விரிசல் ஓடினாலோ, அன்றைக்குச் செங்குத்துப் பக்கமே போகக்கூடாது.

அந்த 'மூணு' விஷயம்தான் எனக்கு எரிச்சல். இது பரீட்சை மார்க் இல்லை. மூன்று என்றால், செங்குத்துச் சரிவில் ஒற்றை ஆள் பாரமே சரிவைக் கிளப்பலாம் என்று அர்த்தம். ஐரோப்பாவில் பனிச்சரிவில் சாகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் செத்தது மூன்றாம் நிலை நாளில். நாலு, அஞ்சு என்றால் எல்லாரும் வீட்டில் இருந்துவிடுகிறார்களே!

நிசெக்கோவில் எல்லையைத் தாண்ட வாசல்கள் உண்டு. வாசல் மூடியிருந்தால் போகக்கூடாது. திறந்திருந்தால் பத்திரம் என்றும் இல்லை. மகனைத் தடுக்க முடியாது, அது எனக்கும் தெரியும். 30 டிகிரிக்குக் குறைந்த சரிவில், தலைக்கு மேல் செங்குத்து இல்லாத இடத்தில் சறுக்கச் சொல்லுங்கள். கோணத்தைக் கைப்பேசியே அளக்கும்.

அப்புறம் ஒவ்வொருவரிடமும் பீக்கன் கருவி (புதைந்த இடத்தைக் காட்ட சிக்னல் அனுப்புவது), துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் இருக்கணும், பழகியும் இருக்கணும். புதைந்தவனை 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பான்; அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவன்தான். ஆளனுப்பி உதவி வரும்வரை அந்த நேரம் காத்திருக்காது. கைப்பேசியைப் பீக்கனிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், சிக்னல் கெடும்.

கேள்வி: 1997-ல் நம் மலேசிய மகேந்திரனும் மோகனதாசும் எவரெஸ்ட் ஏறினார்களே, அங்கேயும் இதே சரிவா?
- மாணவி, பீடோர்

பதில்: அங்கே இதுவும் உண்டு, வேறொன்றும் உண்டு. எவரெஸ்ட் ஏறும் வழியில் அவர்கள் கடந்த, கும்பு பனியருவி என்கிற உடைந்த பனிக்கட்டிச் சரிவின் மேல் தொங்கும் பனிக்கட்டிப் பாறைகள் தானாகவே பிய்ந்து விழும். 2014 ஏப்ரல் 18-ல் அப்படி விழுந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்குக் கோணம் பார்த்துப் பயனில்லை, மகளே. வெயில் ஏறுமுன் சீக்கிரமாகக் கடந்துபோவதுதான் வழி.